கையில் ஊசி இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்

திருவண்ணாமலை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தீபம், கிரிவலம், அதற்கு அடுத்தபடியாக வெயில். பஞ்சபூத ஸ்தலங்களில் இது அக்னி ஸ்தலம் என்பதை, சித்திரை மாதத்தில் மாட வீதியில் வெறுங்காலோடு நாலு அடி வைத்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊரில் ஆறு பொம்பளைங்க வாரா வாரம் ஒன்றாக உட்கார்ந்து தொப்பியும் ஸ்வெட்டரும் பின்னுகிறோம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்கள் தெருவே சிரித்தது. "மலையே நெருப்பா கொதிக்குது, இதுங்க உல்லன் பின்னுதுங்க" என்று என் வீட்டுக்காரரே சொன்னார்.

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பின்னல் பாதிதான். மீதிப் பாதி எங்கள் வியாழக்கிழமை வினாடி வினா. அதை வெளியில் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. ஏன் என்பதைத்தான் தோழிகளுக்கு எழுத நினைத்தேன்.

துவக்கி வைத்தவர் எங்கள் டீச்சரம்மா. அரசுப் பள்ளியில் இருந்து ரிட்டயர் ஆனவர், பே கோபுரத் தெரு பக்கம் வீடு. மகள் பிரசவத்துக்காக லண்டன் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். அங்கே மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு நாள் ராத்திரி அவரை ஒரு 'பப்'புக்கு அழைத்துப் போனார்களாம். "ஐயையோ, சாராயக் கடைக்கா டீச்சர்?" என்று பூக்கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சரம்மா ஆரஞ்சு ஜூஸ் குடித்ததாகச் சொன்னார், நம்பினோம். அங்கே மேஜைக்கு நாலைந்து பேராக உட்கார்ந்துகொள்ள, ஒருவர் மைக்கில் கேள்வி கேட்கிறார். தாத்தா, பாட்டி, ஆபீஸ் போகிறவர்கள், எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு விடை யோசிக்கிறார்கள். ஜெயித்த மேஜைக்குச் சின்னதாய் ஒரு பரிசு. இது அங்கே ரொம்ப காலமாக நடக்கிற வழக்கம். 1976-ல் பர்ன்ஸ், போர்ட்டர் என்ற இருவர் இங்கிலாந்தின் தென்பகுதியில் இதை லீக் போட்டி மாதிரி ஒழுங்குபடுத்தி நடத்த, நாடு முழுக்கப் பரவிவிட்டதாம். வியாபாரம் மந்தமாக இருக்கும் வார நாட்களில் கடைக்கு ஆள் சேர்க்கத்தான் இந்த ஏற்பாடு. வியாபாரிகள் எந்த ஊரிலும் வியாபாரிகள்தானே!

கின்னஸ் சாதனைப் புத்தகம்கூட இப்படி ஒரு வாய்ச்சண்டையில் பிறந்ததுதான். 1951-ல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன ஹியூ பீவர் என்பவருக்கும் கூட வந்தவர்களுக்கும், ஐரோப்பாவில் வேட்டையாடும் பறவைகளிலேயே எது வேகமாகப் பறக்கும் என்று வாக்குவாதம். எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. அவர் கின்னஸ் பீர் கம்பெனியின் நிர்வாகி. நம்ம சரக்கு விற்கிற கடைகளில் தினம் இப்படி எத்தனை சண்டை நடக்கும் என்று யோசித்து, விடை சொல்ல ஒரு புத்தகமே போட ஏற்பாடு செய்தார். 1955-ல் வந்தது. இதை டீச்சரம்மா சொன்னபோது மெடிக்கல் ஷாப் அண்ணி, "நம்ம ஊர் டீக்கடை பெஞ்சுல நடக்காத சண்டையா? யாரும் புக்கு போடலையே" என்றார்.

டீக்கடை பெஞ்ச்! அண்ணி விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தை எனக்குள் தைத்துவிட்டது. காலையில் ஆறு மணிக்கே நம் வீட்டு ஆண்கள் பேப்பரும் கையுமாக அங்கே உட்கார்ந்து உலக விஷயம் முழுக்க அலசுகிறார்கள். "எங்கே போறே, என்ன வேலை, எப்போ வருவே" என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. நமக்கு அப்படி ஒரு பெஞ்ச் இருக்கிறதா? கோவிலுக்குப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம், மகளிர் குழு மீட்டிங்குக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் ஒரு காரியம் வேண்டும். சும்மா நாலு பேர் உட்கார்ந்து பேசி, யோசித்து, சிரித்துவிட்டு வந்தோம் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் சரியில்லை என்பார்கள்.

டீச்சரம்மாவுக்கு இது தெரியும். "முதல்ல எல்லாரும் ஊசியைப் பிடிங்க" என்றார். ஆசிரியப் பயிற்சியில் கைவேலை வகுப்பில் கற்றுக்கொண்ட பின்னல் அவருக்கு மறக்கவில்லை. 10-ம் நம்பர் ஊசி ஜோடி, சின்னக்கடை வீதியில் வாங்கிய நூல் கண்டு, இதோடு எங்கள் 'பின்னல் கிளாஸ்' துவங்கியது. ஆச்சரியம், ஒரு வீட்டிலும் ஆட்சேபம் இல்லை! கை சும்மா இல்லையே. மாடிவீட்டு அக்காவின் மாமனார், "நல்ல விஷயம்மா, கைத்தொழில் ஒண்ணு கத்துக்கொள்" என்று ஆசீர்வாதமே செய்தாராம்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி முதல் நாலரை வரை. சாப்பாட்டுக் கடை முடிந்து, பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருவதற்குள். வியாழன் பௌர்ணமியாக வந்தால் லீவு. அன்றைக்கு எங்கள் ஊரில் யார் வீட்டில்தான் வேலை இல்லை? கிரிவலம் வருகிற சொந்தக்காரர்களுக்குச் சாம்பார் வைத்தே கை ஓய்ந்துவிடும். பஸ், ஆட்டோ எதுவும் தெருவுக்குள் வராது.

வந்ததும் செல்போன்களை எல்லாம் ஒரு ஒயர் கூடையில் போட்டுவிட வேண்டும். இது கண்டிப்பான சட்டம். கூகுளில் பார்த்து விடை சொன்னால் அது போட்டியா? வாரம் ஒருவர் 15 கேள்வி எழுதிக்கொண்டு வருவார். ஊர் விஷயம் ஐந்து, உலக விஷயம் ஐந்து, வீட்டு விஷயம் ஐந்து. ஜெயித்தவருக்கு அடுத்த நூல் கண்டின் கலரைத் தேர்வு செய்கிற உரிமை. கடைசியாக வந்தவர் அடுத்த வாரம் சுண்டல் கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு மாதம் நான்தான் சுண்டல்.

ஊர்க் கேள்விகளில்தான் நாங்கள் அதிகம் திணறினோம். பிறந்ததில் இருந்து பார்க்கிற கோபுரம். ஆனால் ராஜகோபுரத்துக்கு எத்தனை நிலை, எத்தனை அடி என்றால் விழிக்கிறோம் (11 நிலை, 217 அடி). அதைத் துவக்கியவர் கிருஷ்ணதேவராயர். முடித்தது யார் காலத்தில்? தஞ்சை சேவப்ப நாயக்கர். நம் மாவட்டம் வட ஆற்காட்டில் இருந்து பிரிந்த வருஷம்? 1989. சாத்தனூர் அணை எந்த ஆற்றின் குறுக்கே? தென்பெண்ணை. நம் மாவட்டத்தில் நடந்த எந்தச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள்? 1760, வந்தவாசி. "கோரைப்பாய்க்குத்தான் வந்தவாசின்னு நினைச்சேன்" என்றார் பூக்கடைக்காரம்மா. ரமணாசிரமத்தில் ஒரு பசுவுக்குச் சமாதி இருக்கிறதே, அதன் பெயர்? இது மட்டும் எல்லாரும் கோரஸாக "லட்சுமி!" என்றோம்.

ஒரு வாரம் டீச்சரம்மா கேட்டார்: "நம்ம கோவில் கோபுரத்துல ஒரு பொம்பளை கட்டி முடிச்சது எது?" ஐந்து பேரும் திருதிருவென்று முழித்தோம். வடக்கே இருப்பதை அம்மணி அம்மன் கோபுரம் என்று தினம் சொல்கிறோம், ஏதோ அம்மன் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். செங்கம் பக்கம் சென்னசமுத்திரம் என்ற கிராமத்தில் பிறந்த அம்மணி அம்மாள் என்கிற சந்நியாசினி, வீடு வீடாகப் போய்ப் பணம் சேகரித்து, அரைகுறையாக நின்ற கோபுரத்தைக் கட்டி முடித்திருக்கிறார். கூலி கொடுக்கப் பணம் இல்லாதபோது விபூதியை அள்ளிக் கொடுத்தார், அது அவரவர் வேலைக்கு ஏற்ற காசாக மாறியது என்று ஒரு கதை உண்டு. விபூதி காசானதோ இல்லையோ, ஒரு பெண் தெருத் தெருவாக அலைந்து அத்தனை உயரக் கோபுரத்தை எழுப்பினாள் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அன்று சாயங்காலம் வடக்கு வாசல் வழியாகப் போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.

இந்தக் கேள்விக்கு விடை சொன்னது யார் தெரியுமா? எங்கள் ஆறாவது ஆள். அன்றைக்குத்தான் முதல் முறையாக வந்து, கதவோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவள்.

அவளை 'சின்னவள்' என்றே எழுதுகிறேன். எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள், 31 வயது, ஒரு பையன். கணவர் ரோடு விபத்தில் தவறிவிட்டார். மாமனார், மாமியாரோடு இருக்கிறாள். எட்டு மாதமாக வாசலுக்குக் கோலம் போடக்கூட அவள் வந்து நான் பார்த்ததில்லை. விடிகாலையில் மாமியாரே போட்டுவிடுவார். மனசு கேட்காமல் நானும் மாடிவீட்டு அக்காவும் போய்க் கூப்பிட்டோம். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "புருஷன் போயி ஒரு வருஷம் திரும்பல. நாலு பேரோட சிரிச்சுப் பேசப் போறாளா?" என்றார். எங்களுக்குப் பதில் வரவில்லை.

அடுத்த நாள் டீச்சரம்மாவே போனார். வினாடி வினா பற்றி மூச்சு விடவில்லை. "ஐயா, ஆஸ்பத்திரியில குறைமாசத்துல பிறக்குற குழந்தைங்களுக்குத் தொப்பி பின்னித் தர்றோம். கை போதல. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் உங்க மருமகளை அனுப்புங்க, புண்ணியமா போகும்" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போயிட்டு வரட்டும்" என்றாராம். ஊசி பிடித்தால்தான் உத்தரவு!

தொப்பி விஷயம் பொய்யில்லை. பேரன் பேத்திகளுக்குப் பின்னித் தீர்ந்தபின் என்ன செய்வது என்று விழித்தபோது, மெடிக்கல் ஷாப் அண்ணிதான் வழி காட்டினார். 37 வாரம் முடியும் முன்பே பிறக்கிற குழந்தைக்கு உடம்பில் கொழுப்பு போதாது, சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாது. அதன் உடம்பில் தலைதான் பெரிய பாகம். சூடு அந்த வழியாக வெளியேறிவிடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் அதற்குக் குளிர்தான். தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து வைக்கும் 'கங்காரு' முறையில்கூட குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் போடுவார்கள். இந்த முறையை 1978-ல் கொலம்பியா நாட்டில் எட்கர் ரே என்ற டாக்டர், இன்குபேட்டர் பெட்டி போதாத ஆஸ்பத்திரியில் துவக்கியிருக்கிறார். நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் இப்போது இதைச் சொல்லித் தருகிறார்கள்.

முதலில் நாங்கள் கொண்டுபோன உல்லன் தொப்பிகளை நர்ஸம்மா ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நூல் பிசிறு குழந்தை மூக்குல போகும்மா. பருத்தி நூல்ல பண்ணுங்க. பொத்தான், ரிப்பன், குஞ்சம் எதுவும் வேண்டாம். ஓட்டை ஓட்டையா டிசைன் போட்டா விரல் மாட்டும்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி! அதற்குப் பிறகு மெல்லிய பருத்தி நூலில்தான் பின்னுகிறோம். 10-ம் நம்பர் ஊசியில் 70 கண்ணி ஏற்றி, ஓரத்துக்கு இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று ஒன்றரை அங்குலம், பிறகு வெறும் நிட். நாலு அங்குலம் ஆனதும் கண்ணியைக் குறைத்துக்கொண்டே வந்து சுருக்கிக் கட்டினால் ஒரு தொப்பி. கை பழகினால் இரண்டு மத்தியானத்தில் ஒன்று முடியும். வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, துணிப்பையில் போட்டுக் கொடுக்கிறோம். வெயிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? செய்ய நினைக்கும் சகோதரிகள் முதலில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அவர்களுக்கு வேண்டாததைப் பின்னி என்ன பயன்?

இது சின்ன வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016 ஜனவரி 31-ந் தேதி, சென்னை வண்டலூரில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் அமைப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குரோஷா ஊசியால் பின்னிய துண்டுகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டரில் ஒரே போர்வையாக விரித்தது. ஏக்கர் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர்! உலகிலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸில் பதிவானது. பறவைச் சண்டையில் பிறந்த அதே கின்னஸ்தான். பிறகு அதைத் தனித்தனிப் போர்வைகளாகப் பிரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சின்னவளுக்கு வருகிறேன். பின்னல் அவளுக்குச் சுமாராகத்தான் வந்தது. கண்ணி நழுவும், அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுவாள். ஆனால் கேள்வி என்றால்! முதல் மாதம் முழுக்க விடையை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள், பக்கத்தில் இருக்கிற நான் அதைச் சொல்லி மார்க் வாங்குவேன். டீச்சரம்மா கண்டுபிடித்துவிட்டு, "நீ உரக்கச் சொல்லு கண்ணு" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, பத்தாவதில் ஐந்நூற்றுக்கு 460 வாங்கியவள். அதற்கு மேல் படிக்க வைக்கவில்லை. ஆறு, மலை, அரசர்கள், திருக்குறள் அதிகாரம், எதைக் கேட்டாலும் பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கம் என்பது வரை சொல்கிறாள். கணவர் தவறிய பிறகு அவள் சிரித்து நான் முதலில் பார்த்தது, வாயு லிங்கத்துக்கு அடுத்தது குபேர லிங்கமா ஈசான்ய லிங்கமா என்று பூக்கடைக்காரம்மாவோடு சண்டை போட்ட அன்றுதான். (குபேர லிங்கம். சின்னவளே ஜெயித்தாள்.)

அந்தச் சிரிப்பு தெருவில் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் சின்னவளுக்கு முன்னால் அவள் மாமியார் வந்துவிட்டார். "என்ன கிளாசு நடக்குதுன்னு பாக்க வந்தேன்" என்று மூலையில் உட்கார்ந்தார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஊசிகளை எடுத்து வேக வேகமாகப் பின்னினோம், ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சரம்மா மட்டும் அசரவில்லை. கேள்விச் சீட்டைப் பிரித்து, "ஒரு கலத்துக்கு எத்தனை மரக்கால்?" என்று கேட்டார். எங்களுக்கு லிட்டரும் கிலோவும்தான் தெரியும். சின்னவளுக்குக்கூடத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் போனது. மூலையில் இருந்து குரல் வந்தது: "பன்னெண்டு. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கா. சில ஊர்ல மாறும். இதுகூடத் தெரியாதாடி உங்களுக்கு?"

அதற்குப் பிறகு அந்த அத்தை ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, ஊசியும் பிடிக்க மாட்டார். "எனக்குக் கண்ணு தெரியல, நான் கேள்விக்கு மட்டும்" என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு வருகிற ஒரே ஆள் அவர்தான். எங்களில் யாருக்கும் அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை.

2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழ் டிவியில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில், மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாய் ஜெயித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். காது கேட்காது, வாய் பேச வராது. உதட்டசைவைப் படித்தே விடை சொன்னவர். பெண்கள் மட்டுமே கலந்துகொண்ட நிகழ்ச்சி அது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை சின்னவளைப் பார்த்து, "உனக்கும் இந்த மாதிரி எங்கியாவது எழுதிப் போடக் கூடாதா?" என்றார். டிவிக்குப் போடவில்லை. டீச்சரம்மா டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சைக்குப் போடச் சொன்னார். பத்தாவது தேர்ச்சி போதும். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, அதில் 100 தமிழ். எங்கள் வியாழக்கிழமை 15 கேள்விகளில் ஐந்து அதற்கேற்ற மாதிரி மாறின. எங்களுக்கும் லாபம்தான், இந்த வயதில் நான் விகிதமும் வட்டியும் போட்டுப் பார்க்கிறேன்.

முதல் முறை எழுதினாள். கிடைக்கவில்லை. மாமனார், "ஒரு தடவை எழுதியாச்சு இல்ல, போதும். பையனைப் பார்த்துக்கட்டும்" என்றார். இரண்டு வாரம் அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் அத்தை மட்டும் வந்து உட்கார்ந்து, "அவரு கெடக்குறாரு. பையனை நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் போயிட்டா அவ யாரு கையை எதிர்பார்த்து நிப்பா?" என்றார். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை டீச்சரம்மாவிடம் கொடுத்து, கைடு புத்தகம் எது நல்லதோ அதை வாங்கித் தரச் சொன்னார். பெரியவர் இன்னும் வாய் திறந்து சம்மதம் சொல்லவில்லை. ஆனால் காலையில் பேப்பர் படித்து முடித்ததும் மடித்து, மருமகள் கண்ணில் படுகிற மாதிரி திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறாராம்.

சின்னவள் இப்போது இரண்டாம் முறைக்குப் படிக்கிறாள். தொப்பி பின்னுவதில் இருந்து அவளுக்கு நாங்கள் விலக்கு கொடுத்துவிட்டோம். அவள் பங்குத் தொப்பியை ஆளுக்கு ஒரு வாரமாகப் பின்னிவிடுகிறோம். மடியில் மட்டும் ஊசியும் நூலும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாள், ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களுக்காக.

வருகிற வியாழன் கேள்வி போடுகிற முறை அத்தையுடையது. எழுதத் தெரியாதே என்றேன். 15-ம் மனசில் இருக்கிறதாம். நெல் ரகம், ஏர்க் கலப்பையின் பாகங்கள், பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் மருந்துச் சாமான் என்று மூன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி மிரட்டி வைத்திருக்கிறார். கடையில் போய்க் கொண்டைக்கடலை அரைக் கிலோ வாங்கி வைத்துவிட்டேன்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.